ஹிட்லருக்குத் துக்கம் விசாரித்த பிரதமர்

1945 மே 2ஆம் தேதி, போரில் நடுநிலை வகித்த அயர்லாந்தின் பிரதமர் ஈமன் டி வலேரா, வெளியுறவுத் துறைச் செயலர் ஜோசப் வால்ஷையும் அழைத்துக்கொண்டு, ஜெர்மன் தூதர் எடுவர்ட் ஹெம்பலைப் பார்க்கப் போனார். ஹிட்லர் இறந்த செய்தி முந்தின நாள் ராத்திரிதான் வானொலியில் வந்திருந்தது. அதற்குத் துக்கம் விசாரிக்கத்தான் போனார். பெல்சன், புகன்வால்ட் என்ற நாஜி வதைமுகாம்களை நேச நாட்டுப் படைகள் மீட்டு மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மறுநாள் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடின் செயலரும் அதே காரியமாகப் போய்வந்தார். இது வெளியே தெரியவந்ததே 2005இல்தான். ஹிட்லருக்காக அரசாங்க முறையில் துக்கம் காட்டிய நாடுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். போர்ச்சுகல் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கியது. மற்ற நடுநிலை நாடுகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டன.

டப்ளினில் வேலை பார்த்த நாட்களில் இந்த ஒரு சம்பவத்தைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களுக்குக் கணக்கில்லை. "டெவ் செய்தது சரிதான், நடுநிலை என்றால் நடுநிலைதான்" என்பார் ஒருவர். டி வலேராவை அங்கே அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். "எங்கள் நாட்டுக்கே அவமானம்" என்பார் அடுத்த மேசைக்காரர். மூன்றாமவர் காப்பியை உறிஞ்சிக்கொண்டே, "அதை விடு, சர்ச்சில் எங்களுக்குச் செய்ததைப் பற்றி முதலில் பேசு" என்று பேச்சைத் திருப்புவார். அயர்லாந்தில் இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேசினால் எப்படியும் இந்த மூன்றாவது இடத்துக்கு வந்துதான் தீரும்.

டி வலேரா அரசியலுக்கு வருவதற்கு முன் கணக்கு வாத்தியார். அந்தப் புத்தி அவரை விட்டுப் போகவேயில்லை என்று எனக்குத் தோன்றும். ஏப்ரல் 12ஆம் தேதி ரூஸ்வெல்ட் இறந்தபோது நாடாளுமன்றத்தில் இரங்கல் உரை நிகழ்த்திச் சபையை ஒத்திவைத்தார். அந்தப் பக்கம் ஒன்று செய்தாகிவிட்டது, இந்தப் பக்கமும் ஒன்று செய்ய வேண்டும். சமன்பாடு சரியாகிவிட்டது. வாஷிங்டனில் இருந்த தன் தூதர் ராபர்ட் பிரென்னனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் காரணம் சொல்லியிருக்கிறார்: போர்க்காலம் முழுக்க ஹெம்பல் கண்ணியமாக நடந்துகொண்டார், அமெரிக்கத் தூதர் டேவிட் கிரே மாதிரி இல்லை, தோற்றுப்போய் நிற்கும் நேரத்தில் அந்த மனிதரை மேலும் அவமானப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஹெம்பலுக்கு வேண்டுமானால் இது நியாயமாக இருக்கலாம். ஆனால் சம்பிரதாயப்படி அனுதாபம் போய்ச் சேர்ந்தது ஹெம்பலுக்கு அல்லவே.

சரி, சர்ச்சிலுக்கு வருவோம். வராமல் இருக்க முடியாது.

சர்ச்சிலின் தாத்தா அயர்லாந்தின் வைஸ்ராயாக இருந்தார். அப்பா அவருக்குச் செயலர். அதனால் குழந்தை வின்ஸ்டன் 1877 முதல் 1880 வரை டப்ளினின் ஃபீனிக்ஸ் பூங்காவில் வளர்ந்தான். ஒருநாள் கழுதைமேல் போய்க்கொண்டிருந்தபோது தூரத்தில் கறுப்பாக ஒரு கூட்டம் வருவதைப் பார்த்து, ஃபீனியன் புரட்சிக்காரர்கள் வருகிறார்கள் என்று எல்லோரும் மிரண்டுபோனார்களாம். கழுதையும் மிரண்டு உதைத்ததில் பையன் கீழே விழுந்து மண்டையில் அடி. வந்தது அநேகமாக பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றின் அணிவகுப்புதான். ஐரிஷ் அரசியலோடு எனக்கு ஏற்பட்ட முதல் அறிமுகம் இதுதான் என்று பிற்பாடு அவரே வேடிக்கையாக எழுதினார்.

ஐரிஷ்காரர்களுக்கு அவரோடு ஏற்பட்ட அறிமுகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை. 1920இல் பிரிட்டன் திரட்டி அனுப்பிய பிளாக் அண்ட் டான்ஸ் என்ற போலீஸ் படை அயர்லாந்தில் இறங்கி ஊர்களைக் கொளுத்தியபோது லண்டனில் போர் அமைச்சர் அவர்தான். பால்பிரிகன் எரிந்தது, கார்க் நகரின் நடுப்பகுதி எரிந்தது. இன்றைக்கும் ஐரிஷ் வீடுகளில் 'டான்ஸ்' என்று சொல்லும்போது குரல் மாறும். அயர்லாந்தின் பெரும்பகுதிக்குத் தன்னாட்சி தந்த 1921 ஒப்பந்தத்தில் பிரிட்டன் தரப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் சர்ச்சில்தான். அடுத்த ஆண்டு, ஒப்பந்தத்தை ஏற்காதவர்கள் டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டடத்தைப் பிடித்துவைத்திருந்தபோது அதைத் தகர்க்க, ஒப்பந்தத்தை ஏற்ற தரப்பின் தலைவர் மைக்கேல் காலின்ஸுக்குப் பீரங்கி போனதும் பிரிட்டிஷ் கையிருப்பிலிருந்துதான். "அவர் இல்லாமல் எங்களால் எதுவும் செய்திருக்க முடியாது என்று வின்ஸ்டனிடம் சொல்லுங்கள்" என்று சாவதற்குச் சற்று முன் காலின்ஸ் சொல்லியனுப்பியதாகச் சொல்வார்கள். இதற்குச் சாட்சி சர்ச்சிலே என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

இதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரில் டி வலேரா ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் பக்கம். ஆகவே 1940இல் சர்ச்சில் பிரதமரானபோது இந்த இருவருக்கும் நடுவில் இருபது வருடப் பகை ஏற்கெனவே இருந்தது. பெரிஹேவன், கோவ், லாஃப் ஸ்வில்லி ஆகிய மூன்று துறைமுகங்களை 1938இல் சேம்பர்லின் அரசாங்கம் அயர்லாந்திடம் ஒப்படைத்தபோது சபையில் எழுந்து கண்டித்தவர் சர்ச்சில். போரில் அட்லாண்டிக்கில் கப்பல்கள் மூழ்க மூழ்க அந்த மூன்று துறைமுகங்களும் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட ராத்திரி டி வலேராவுக்கு ஒரு தந்தி அனுப்பினார்: இதுதான் உங்களுக்கு வாய்ப்பு, இப்போது விட்டால் எப்போதும் இல்லை, மீண்டும் ஒரு தேசம். கடைசி வரி, ஐரிஷ் தேசியவாதிகள் காலங்காலமாகப் பாடிவரும் பாட்டின் அடி. பிரிட்டிஷ் பிரதிநிதி ஜான் மாஃபி அதை விடியாத நேரத்தில் டி வலேராவின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தத் தந்தியில் சாராய வாடை அடிக்கிறது என்று என் அலுவலக நண்பர் ஒருவர் அடித்துச் சொல்வார். டி வலேரா அசையவில்லை.

போர் முடிந்த கையோடு, மே 13ஆம் தேதி வெற்றி உரையில் சர்ச்சில் எரிந்து விழுந்தார். தேவைப்பட்டிருந்தால் அயர்லாந்தின் மேல் கை வைத்திருப்போம், சரித்திரம் காணாத பொறுமையோடு வைக்காமல் விட்டோம், டி வலேரா அரசாங்கம் ஜெர்மானியரோடும் ஜப்பானியரோடும் கூடிக் குலாவிக்கொண்டிருந்தது என்றார். மூன்று நாள் கழித்து டி வலேரா வானொலியில் பதில் சொன்னார். கத்தவில்லை, திட்டவில்லை. ஒன்றிரண்டு வருடம் அல்ல, பல நூறு வருடம் ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தனியாக நின்ற சிறிய தேசம் ஒன்று இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை அவருக்கு இல்லையா என்று கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன் துக்கம் விசாரித்ததற்காகத் தலைகுனிந்தவர்கள்கூட அந்த ராத்திரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். துக்க விசாரிப்பின் மேல் சர்ச்சிலே மண்ணைப் போட்டு மூடிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நடுநிலை என்பது பெயரளவில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1941 ஏப்ரலில், பிரிட்டன் வசமிருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஜெர்மன் குண்டு விழுந்து ஒரே இரவில் சுமார் 900 பேர் செத்தபோது, எல்லையைத் தாண்டி டப்ளினிலிருந்து தீயணைப்பு வண்டிகள் போயின. மேயோ கடற்கரையில் பிளாக்சாட் நிலையத்தில் எடுத்த வானிலைக் குறிப்பை நம்பித்தான் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதை ஐசனோவர் ஒரு நாள் தள்ளிவைத்தார். ஜெர்மன் உளவாளிகளின் சங்கேதக் குறிப்புகளை உடைத்தவர் தேசிய நூலகத்தின் இயக்குநர் ரிச்சர்ட் ஹேய்ஸ்; பகலில் நூலகம், மற்ற நேரத்தில் இந்த வேலை.

பத்திரிகைத் தணிக்கைதான் சிரிப்பாய்ச் சிரித்தது. மலாயாக் கடலில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' போர்க்கப்பல் மூழ்கியபோது ஐரிஷ் டைம்ஸில் முன்பு வேலை பார்த்த ஒருவர் அதில் இருந்து பிழைத்தார். பிரிட்டிஷ் கடற்படையில் ஐரிஷ்காரர் இருக்கிறார் என்று எழுதக் கூடாது. ஆசிரியர் ஸ்மைலி, சமீபத்தில் படகு விபத்தில் சிக்கிய நம் நண்பர் நலமாக இருக்கிறார் என்று செய்தி போட்டார்.

அப்படிப் படகு விபத்துக்குப் போன ஐரிஷ்காரர்கள் பல்லாயிரம் பேர். ஐரிஷ் ராணுவத்தை விட்டு ஓடிப்போய் பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 5,000. நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்துப் பெரியவருடைய சித்தப்பாவும் அதில் ஒருவர். 1945இல் திரும்பி வந்தபோது ஓடிப்போனவர்களின் பெயர்ப்பட்டியலை அரசாங்கமே அச்சடித்து வைத்திருந்தது; ஏழு வருடத்துக்கு எந்த அரசு வேலையும் கிடையாது. தபால் நிலையம்கூட இல்லை. சித்தப்பா மறுபடியும் கப்பலேறி பர்மிங்ஹாமுக்கே போய்விட்டாராம். 2013இல் சட்டம் போட்டு அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். "அதற்குள் அவர் செத்து முப்பது வருஷம்" என்றார் பெரியவர்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனவர்களைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அவர்களில் ஒருவருக்கு டப்ளினின் ஃபேர்வியூ பூங்காவில் சிலை இருக்கிறது.

ஷான் ரஸ்ஸல் அந்தப் பகுதிக்காரர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த 1916 எழுச்சியில் சண்டை போட்டவர். 1938இல், பிரிட்டனை எதிர்த்த தலைமறைவு ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வின் தலைமைத் தளபதியானதும் இங்கிலாந்துக்குள்ளேயே குண்டு வைப்பது என்று முடிவெடுத்தார். ஜிம் ஓ'டோனவன் தீட்டித் தந்த அதற்கு 'எஸ் திட்டம்' என்று பெயர். 1939 ஜனவரியில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சருக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பினார்கள், நாலு நாளில் குண்டுகள் வெடிக்க ஆரம்பித்தன. ஆகஸ்ட் 25ஆம் தேதி கோவென்ட்ரி கடைவீதியில் ஒரு சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த குண்டு வெடித்து ஐந்து பேர் செத்தார்கள். கடைக்கு வந்தவர்கள், கடையில் வேலை பார்த்தவர்கள். இதற்காக இரண்டு ஐரிஷ்காரர்களைத் தூக்கில் போட்டார்கள்.

அப்போது ரஸ்ஸல் அமெரிக்காவில். அங்கிருந்து இத்தாலி வழியாக 1940 மே மாதம் பெர்லின் போய்ச் சேர்ந்தார். ஜெர்மன் ராணுவ உளவுத் துறை அவருக்கு வெடிமருந்துப் பயிற்சி கொடுத்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப்பையே சந்தித்தார். மூன்று நாள் கழித்து யு-65 நீர்மூழ்கிக் கப்பலில் அயர்லாந்துக்குப் புறப்பட்டார். வழியில் வயிற்றுப்புண் வெடித்து 14ஆம் தேதி இறந்தார். கால்வே கரைக்கு நூறு மைல் மேற்கே, ஜெர்மன் கொடியைச் சுற்றி உடலைக் கடலில் இறக்கினார்கள்.

அவரைப் பற்றிக் கேட்டால் அவர் பக்கத்து ஆட்கள் உடனே சொல்வது: அவர் நாஜி இல்லை. எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. அரசியல் தத்துவம் எதுவுமே அவர் தலையில் ஏறியதாகத் தெரியவில்லை; பிரிட்டனை அடிக்க யார் துப்பாக்கி தந்தாலும் வாங்கியிருப்பார். இங்கிலாந்தின் இக்கட்டு அயர்லாந்தின் வாய்ப்பு என்பது அங்கே தாத்தா காலத்துச் சொலவடை. பதினெட்டாம் நூற்றாண்டுப் புரட்சிக்காரர் வுல்ஃப் டோன் பிரெஞ்சுக் கப்பல்களோடு வந்தார். 1916இல் ரோஜர் கேஸ்மென்ட் ஜெர்மன் நீர்மூழ்கியில் வந்து பன்னா கடற்கரையில் இறங்கினார். ரஸ்ஸலுக்குத் தானும் அதே வரிசையில் நிற்பதாக நினைப்பு.

ஆனால் 'அவர் மனதில் என்ன இருந்தது' என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். அந்தத் திட்டம் பலித்திருந்தால் விலை கொடுத்திருப்பது யார் என்றுதான் நான் கேட்பேன். 1942 ஜனவரியில், யூதர்களை அழித்தொழிக்க நாஜி அதிகாரிகள் திட்டம் போட்ட வான்ஸே கூட்டத்தில் ஐரோப்பிய யூதர்களை நாடுவாரியாகப் பட்டியல் போட்டு வைத்தார்களே, அதில் அயர்லாந்துக்கும் ஒரு வரி உண்டு: 4,000. டப்ளினில் சவுத் சர்க்குலர் ரோடு பக்கம் ரொட்டிக் கடையும் தையல் கடையும் நடத்திக்கொண்டிருந்த குடும்பங்கள்தான் அந்த 4,000. டி வலேராவின் கட்சியிலேயே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராபர்ட் பிரிஸ்கோவும் அதில் அடக்கம். அவர் சுதந்திரப் போரில் ஐ.ஆர்.ஏ.வுக்கு ஆயுதம் கடத்தித் தந்தவர். பெர்லினில் ரஸ்ஸலின் காரியங்களைப் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர் எட்மண்ட் வேசன்மாயர். அதே வேசன்மாயர்தான் 1944இல் ஹங்கேரியில் ஹிட்லரின் பிரதிநிதியாக உட்கார்ந்தார். அங்கிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ரயிலேற்றப்பட்டது அவர் பார்வையில். ஐரிஷ் கோப்பும் ஹங்கேரிக் கோப்பும் ஒரே ஆளின் மேசையில் இருந்தன.

ரஸ்ஸலுக்கு 1940இலேயே இதெல்லாம் தெரியுமா என்று கேட்பார்கள். வான்ஸே தெரிந்திருக்காது. ஆனால் ஜெர்மனியில் யூதக் கடைகளும் கோயில்களும் 1938இலேயே எரிந்தாகிவிட்டது. போலந்து விழுந்தாகிவிட்டது, பெல்ஜியமும் ஹாலந்தும் விழுந்தாகிவிட்டது. சின்ன நாடுகளின் நடுநிலைக்கு பெர்லினில் என்ன மரியாதை என்று தெரிந்துகொள்ள ரகசியக் கோப்பு எதுவும் தேவையில்லை. பத்திரிகை படித்தால் போதும்.

அந்த நீர்மூழ்கியில் கூடப் போன இன்னொருவர் விஷயத்தில்தான் எனக்குத் தீர்ப்பு சொல்ல வாய் வருவதில்லை. ஃபிராங்க் ரையன், லிமரிக்காரர், இடதுசாரி. பாசிசத்தை எதிர்த்து ஸ்பெயினில் சண்டை போட ஐரிஷ்காரர்களைத் திரட்டிக்கொண்டு போனவர். அங்கே ஹரமா சண்டையில் காயப்பட்டார். 1938இல் முசோலினியின் துருப்புகளிடம் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார். பர்கோஸ் சிறையில் விடிகாலைதோறும் கூட இருந்தவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுடுவதைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தார். காது வேறு சரியாகக் கேட்காது. 1940 ஜூலையில் ஜெர்மன் உளவுத் துறை ஏற்பாடு செய்து, தப்பியோடியதாகக் கணக்குக் காட்டி, அவரை வெளியே எடுத்தது. ஆகஸ்டில் பெர்லினில் ரஸ்ஸலைச் சந்தித்தார். ஐ.ஆர்.ஏ. இரண்டுபட்டபோது எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம்.

ரஸ்ஸல் செத்ததும் கப்பல் திரும்பிவிட்டது. ரையன் பெர்லினில் மாட்டிக்கொண்டார். அயர்லாந்தைப் பற்றிக் கேட்டால் அபிப்பிராயம் சொல்லும் ஒரு விருந்தாளிக் கைதி. வெளியே போகவும் முடியாது, உள்ளே ஒட்டவும் முடியாது. உடம்பு நொந்து 1944 ஜூனில் டிரெஸ்டனில் இறந்தார், பொய்ப் பெயரில் புதைத்தார்கள். 1979இல் எலும்புகளை எடுத்து வந்து டப்ளின் கிளாஸ்நெவினில் அடக்கம் செய்தார்கள். அவர் துரோகியா, பலியாடா என்று ஐரிஷ் இடதுசாரிகள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். சொந்தக் காலில் பெர்லினுக்கு நடந்து போனவரையும் தூக்குமேடை நிழலில் இருந்து தூக்கிக்கொண்டு போகப்பட்டவரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் கப்பலில் ஏறினாரே என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதிலும் இல்லை.

இதில் பெரிய முரண் டி வலேராதான். ஹெம்பலிடம் அத்தனை மரியாதை காட்டியவர், ஜெர்மனியோடு கைகோத்த தன் பழைய தோழர்களிடம் துளி இரக்கம் காட்டவில்லை. நூற்றுக்கணக்கானவர்களை விசாரணையின்றிக் கரா முகாமில் அடைத்தார். 1940இல் உண்ணாவிரதமிருந்த இருவரைச் சாகவிட்டார். போர் முடிவதற்குள் ஆறு ஐ.ஆர்.ஏ. ஆட்களுக்கு மரண தண்டனை நிறைவேறியது. கடைசி ஆளான சார்லி கெரின்ஸைத் தூக்கிலிட இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைத்தார்கள். பாரசூட்டில் குதித்து வந்த ஜெர்மன் உளவாளி ஹெர்மன் கோர்ட்ஸ் பதினெட்டு மாதம் ஒளிந்து திரிந்து பிடிபட்டார். 1947இல் ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னதும் டப்ளினிலேயே சயனைடு கடித்துச் செத்தார். எனக்கு டி வலேராவைப் பிடிக்காது, ஆனால் அயர்லாந்தை ஹிட்லரிடமிருந்தும் சர்ச்சிலிடமிருந்தும் சேர்த்துக் காப்பாற்றியது அந்த இரக்கமற்ற கணக்குதான். 1937 அரசியல் சட்டத்தில் யூத சமூகத்தைப் பெயர் சொல்லி அங்கீகரித்தவரும் அவரே. 1966இல் ஐரிஷ் யூதர்கள் நாசரேத் பக்கம் அவர் பெயரில் ஒரு காடு நட்டார்கள். துக்கம் விசாரித்ததை அவர்கள் மறந்திருப்பார்களா என்ன?

இதையெல்லாம் எழுதும்போது நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நேதாஜி படம் கண்ணில் படாமல் இல்லை. போஸ் 1936இல் டப்ளின் போய் டி வலேராவைச் சந்தித்தார். 1941இல் பெர்லின் போனார், அடுத்த ஆண்டு ஹிட்லரைப் பார்த்தார், 1943இல் ஜெர்மன் நீர்மூழ்கியில் கிழக்கே கிளம்பினார். மலாயாத் தோட்டங்களிலிருந்து அவர் படையில் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். ரஸ்ஸலிடம் கேட்ட கேள்வியை போஸிடமும் கேட்கத்தான் வேண்டும். ஃபேர்வியூ சிலையைப் பார்த்து முகம் சுளிக்கும் தமிழ் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். பேச்சு உடனே கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

அந்தச் சிலை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1951இல் திறந்தார்கள், தண்டனைக் காலம் முடியுமுன்பே வேசன்மாயர் சிறையிலிருந்து வெளியே வந்ததும் அதே ஆண்டில்தான். உயர்த்திய கை கம்யூனிஸ்ட் வணக்கம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி வலதுசாரிகள் கையை உடைத்தார்கள். 2004 டிசம்பர் கடைசியில் பாசிச எதிர்ப்பாளர்கள் தலையைக் கொய்துகொண்டு போனார்கள். 2009இல் வெண்கலத்தில் புதுசு வைத்தார்கள். 2003இல் அங்கே நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் மேரி லூ மெக்டொனால்ட் பேசினார். இன்று ஷின் ஃபெயின் கட்சிக்கு அவர்தான் தலைவர். அதை மற்றக் கட்சிகள் இன்றுவரை சொல்லிக்காட்டுகின்றன.

சிலையிலிருந்து நார்த் ஸ்ட்ராண்டுக்கு நடந்தே போய்விடலாம். 1941 மே 31 விடிகாலையில் ஜெர்மன் விமானம் போட்ட குண்டில் அங்கே 28 பேர் செத்தார்கள். ரஸ்ஸலின் அண்டை அயலார். அவர்களுக்கு ஒரு கல்வி நிலைய வளாகத்தில் சிறிய நினைவுத் தோட்டம் இருக்கிறது. நான் போன சமயங்களில் அங்கே வேறு யாரையும் பார்த்ததில்லை. சிலைக்குத்தான் மாலையும் பெயின்ட்டும்.

சிலையை எடுக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு பலகை வையுங்கள் என்பது என் கட்சி. எந்தக் கப்பலில் செத்தார், யார் பயிற்சி கொடுத்தார்கள், கோவென்ட்ரியில் செத்த ஐந்து பேர், நார்த் ஸ்ட்ராண்டில் செத்த 28 பேர், எல்லாம் அதில் இருக்க வேண்டும். கீழ்த்தளத்துப் பெரியவரிடம் இதைச் சொன்னேன்.

"டெவ் கொன்ற ஆறு பேரையும் போடுவாயா?"

"போடலாமே."

"டான்ஸ் கொன்றவர்களை?"

அதையும் போடலாம் என்றேன்.

"அப்படியென்றால் பூங்கா போதாதே தம்பி" என்று சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.